இடது குதிகால் ஓரம் ஒரு புல்

மார்ச் 3, செவ்வாய்

இல்லை, அழகுக்காகச் செய்யவில்லை. சலிப்பு, அவ்வளவுதான். பொம்மைப் படைவீரர்களுக்கு வண்ணம் பூசி முடித்ததும், அவர்கள் நிற்கும் காலடித் தட்டை (நாணயம் அளவு வட்டம்) ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி செய்து பார்க்கத் தோன்றுகிறது. விளைவு: என் படையில் சிலர் பனியில் நிற்கிறார்கள், சிலர் பாலைவனத்தில். ஈட்டிக்காரர்கள் செங்கல் தரையில். முரசடிப்பவன் மட்டும் சதுப்பில், முழங்கால்வரை.

நாள் முழுக்கப் பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறேன். ஒரே சொல்லை ஓர் ஆசிரியர் இரண்டு விதமாக எழுதினால் சிவப்பு மையால் சுழிக்கிறேன். வீட்டுக்கு வந்து இது.

மார்ச் 5, வியாழன்

மேசையில் படைகளை நகர்த்திப் பகடை உருட்டிச் சண்டையிடும் எங்கள் மன்றத்தில் அறிவிப்பு. ஏப்ரல் முதல் ஞாயிறு இரட்டையர் போட்டி. இருவர் சேர்ந்து ஒரு படை. "சேத்து வெச்சா ஒரே படையாத் தெரியணும். தட்டெல்லாம் ஒரே மாதிரி. இல்லன்னா மேசை கிடையாது" என்றார் செயலர். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதில் மிகக் கவனமாக இருந்தார்.

நெட்டை என்று நான் கூப்பிடும் தோழியும் நானும் பெயர் கொடுத்தோம். கல்லூரியில் ஒரே அறை. இப்போது செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை பார்க்கிறாள். பல் வரிசையில் ஒன்று கோணினாலும் அவள் முகம் கோணும்.

ஒருமை என்பதே ஒருவகை அதிகாரம் என்று அவளிடம் ஆரம்பித்தேன். முதுகலையில் படித்தது. வேறெங்கும் செலவாகவில்லை.

"அதிகாரமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உன் ஆளுங்க நாலு பேர் பனியில நிக்கறான், நாலு பேர் பாலைவனத்துல நிக்கறான். சண்டை எங்கடி நடக்குது?"

 

மார்ச் 8, ஞாயிறு

நெட்டை வீட்டில். அவள் முறை: மணல். பழுப்பு. காய்ந்ததும் வெளிர்நிறத்தில் பட்டும் படாமலும் ஒரு தேய்ப்பு. இடது குதிகால் ஓரம் ஒரு புல் கொத்து. ஆறு வருஷமாக இதேதான்.

"ஏன் இடது?"

"எனக்கு இடது கைதானே. கை அங்கதான் போகும்."

நான் வலது கைக்காரி. புல்லை அங்கே வைக்க மணிக்கட்டைத் திருகிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்த்துச் செய்யச் சொல்லித் தன் வீரர்களையும் தந்தாள். வாசலில்தான் சொன்னாள்: வேறு ஊருக்கு வேலை மாற்றம், ஏப்ரல் நடுவில். சேர்ந்து ஆடுவது இதுதான் கடைசி.

"அதனால சொன்ன மாதிரி செய். உன் மூளைய கொஞ்ச நாள் லீவுல அனுப்பு."

சரி என்றேன். செருப்பு மாட்ட ரொம்ப நேரம் ஆனது.

மார்ச் 14, சனி

என் ஆட்கள் எல்லாரும் பழுப்புக்கு வந்துவிட்டார்கள். பனியைச் சுரண்டியதில் இருவருக்குக் கணுக்கால் போகப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏதோ குறைகிறது. என்ன? — நான். இப்படி யோசிப்பவளை வீட்டுக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். வீட்டுக்குள்தான் இருக்கிறேன். அதுதான் பிரச்சினை.

மார்ச் 15, ஞாயிறு

வடிகட்டிய டீத்தூளைக் காயவைத்து நொறுக்கினால் அசல் சருகு. என்ன ஒரு கண்டுபிடிப்பு.

பால்கனியில் விரித்திருந்ததை அம்மா பார்த்தாள். "என்னடி, மறுபடி போட்டுக் குடிக்கப் போறோமா?"

எல்லாத் தட்டுகளிலும் தூவினேன். நெட்டையின் ஆட்களுக்கும். ஒரே மாதிரி இருக்க வேண்டும் அல்லவா? அவளுக்குச் சொல்லவில்லை. திறந்து பார்த்து அசந்து போகட்டும்.

மார்ச் 16, திங்கள்

மழை. தூள் நன்றாகக் காய்ந்ததா? காய்ந்திருக்கும். பெட்டியில் அடுக்கி மூடிவிட்டேன்.

மார்ச் 28, சனி

அசந்துதான் போனாள்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் நாற்றம். பிறகு வெள்ளையாக, பஞ்சு பஞ்சாக — ஒவ்வொருவனும் ஓர் ஆட்டுக்குட்டியின் முதுகில் நிற்பதுபோல. நெட்டை தன் தளபதியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள். நான் பேசினேன். சருகு, இயற்கை, காட்டுத் தரை... என்னவெல்லாம் உளறினேன்.

"பூஞ்சை மட்டும் எல்லாத்துலயும் ஒரே மாதிரி வந்திருக்கு" என்றாள். "செயலர் சந்தோஷப்படுவார்."

சிரிக்கவில்லை. தளபதியைப் பெட்டியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு ஏன் இப்படி? ஒரு வேலைய சொன்ன மாதிரி செஞ்சா என்ன கொறஞ்சு போயிடுவேன்? அவ கேட்டது அது ஒண்ணுதானே. கடைசியா கேட்டது.

மார்ச் 29, ஞாயிறு

பழைய பல் துலக்கும் பிரஷ், சோப்புத் தண்ணீர். முதலில் அவளுடைய ஆட்கள்.

மார்ச் 31, செவ்வாய்

இரண்டு தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. கழுவிவிட்டேன், மறுபடி செய்கிறேன் என்று செய்தி அனுப்பினேன். மணல். பழுப்பு.

ஏப்ரல் 2, வியாழன்

நகக்கண்ணில் பழுப்போடு அலுவலகம். ஒரே சொல்லை இரண்டு விதமாக எழுதுவது தன் உரிமை என்று ஓர் ஆசிரியர் நேரில் வந்து வாதாடினார். அவரை மிகுந்த பாசத்தோடு பார்த்தேன். சுழித்தேன்.

ஏப்ரல் 3, வெள்ளி

வாசல் மணி. நெட்டை. கையில் பல் கூடத்து இடுக்கி.

"புல்லு வெச்சிட்டியா?"

"இன்னும் இல்ல."

"வெச்சிருந்தா கொன்னிருப்பேன்." உட்கார்ந்து ஒவ்வொரு தட்டாக மூக்கருகே வைத்து முகர்ந்தாள். பிறகுதான் பசையைத் திறந்தாள்.

டீ போடட்டுமா என்று அம்மா கேட்டாள்.

"வேணாம்மா. இந்த வீட்டு டீயக் கண்டாலே பயமா இருக்கு."

நான்தான் முதலில் சிரித்தேன். அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

ஏப்ரல் 5, ஞாயிறு

மேசை கிடைத்தது. செயலர் குனிந்து ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை பார்த்தார். "இதுல யார் ஆளு யாருது?" 

ஆட்டத்தில் கடைசிக்கு முந்தைய இடம். கடைசி இடம் வந்தவர்கள் பாதியில் கிளம்பிப் போனவர்கள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

தன் பங்கை எடுத்துப்போக வந்தாள். பிரிக்க முடியவில்லை. சட்டை எல்லாருக்கும் ஒரே நீலம், விடுதி அறையில் ஒரே டப்பாவிலிருந்து பூசியது. வித்தியாசம் தட்டில் மட்டும்தான் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. இதற்காகவா இவ்வளவு பாடுபட்டேன்?

கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்ததை எடுத்துப் பெட்டியில் போட்டாள். முரசடிப்பவன் படையில் ஒருவன்தானே, கண்ணைத் திறந்ததும் அவனைத் தெரிந்தது. என்னுடையவன்.

"இவன் என்கூட வரட்டும். சதுப்புல நின்னு ரொம்பக் கஷ்டப்பட்டவன்."

சரி என்றேன்.

மே 3, ஞாயிறு

வீரர்கள் ஐந்து பேர் புதிதாக வாங்கியிருக்கிறேன். அம்மா வடிகட்டியை நீட்டி, "வேணுமா?" என்றாள். வேண்டாம் என்றேன்.

மணல் ஒட்டினேன். பழுப்பு பூசினேன். காய்ந்ததும் வெளிர்நிறத்தால் தேய்த்தேன். பிறகு மணிக்கட்டைத் திருகிக்கொண்டு, ஐந்து பேருக்கும் இடது குதிகால் ஓரம் புல் வைத்தேன்.