வெளியே கைப்பிடி இல்லாத கதவு

என்னங்க,

புதுப் பித்தளைக் கைப்பிடி ஒன்று என் மடியில் கிடக்கிறது. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி வந்ததால் கையெல்லாம் அதன் நெடி. கார்பெண்டர் பாய் நம் வாசற்கதவில் பழைய திருகாணி ஓட்டைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா இது, வெளிய கைப்பிடியே இல்லாம இத்தினி வருஷம் எப்படி இருந்தீங்க?" என்று கேட்டார். நீங்கள் செய்துவைத்த கூத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் டீ குடிக்கப் போயிருக்கிறார். வருவதற்குள் உங்களைத் திட்டி முடித்துவிடுகிறேன்.

எல்லாம் நம் வேதக் கோயில் சுவரில் வரைந்திருக்கும் அந்தப் படத்தால் வந்தது. ஆண்டவர் லாந்தரும் கையுமாக ஒரு கதவைத் தட்டிக்கொண்டு நிற்பாரே, அதுதான். லெந்து தவக்காலத்தில் ஆயர் அதைக் காட்டி, "வெளியே கைப்பிடி இல்லை பாருங்கள். அதுதான் உங்கள் இருதயம். உள்ளேயிருந்து நீங்கள்தான் திறக்க வேண்டும்" என்று பிரசங்கித்தார். சபை ஆமென் சொல்லிவிட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போனது. நீங்கள் வீட்டுக்கு வந்து ஸ்க்ரூடிரைவரைத் தேடினீர்கள்.

"அவருக்கே வெளிய கைப்பிடி இல்ல. நமக்கு இன்னாத்துக்கு? வர்றவங்க தட்டட்டும், நாம தொறப்போம்."

வேதத்தில் வெளிப்படுத்தின விசேஷத்தைத் திறந்து உங்கள் முகத்துக்கு நேரே நீட்டினேன். தட்டுகிறவர் இருக்கிறார், கதவு இருக்கிறது, கூட உட்கார்ந்து சாப்பிடுவதுகூட இருக்கிறது. கைப்பிடி எங்கே? அது ஒரு சபைக்கு எழுதியது. ஆராதனை நடத்திக்கொண்டிருந்தவர்களே அவரை வெளியே நிற்க வைத்திருந்தார்கள். அதைப் பற்றி ஆயர் மூச்சு விடவில்லை, படமும் சொல்லவில்லை. படத்தைப் பார்த்துப் பார்த்து வசனத்தைப் படிப்பதையே விட்டுவிட்டோம் என்று கத்தினேன். கோயிலுக்கு வெள்ளையடிக்க வந்தபோது, அதை வரைந்த பெயிண்டரையே பிடித்துக் கேட்டேன். "கைப்பிடியாம்மா? லாந்தர் பெருசாப் போய்டுச்சு, எடம் பத்தல" என்றார். வெற்றியோடு வந்து உங்களிடம் சொன்னேன்.

"லாந்தரப் பெருசாக்குனது யாரு?" என்றீர்கள். இப்படிப்பட்ட மனுஷனோடு எப்படி வாதாடுவது?

ஆடிக் காற்றில் கதவு அறைந்து சாத்திக்கொள்ளும்; கைப்பிடியைத் திருகாமல் திறக்காது. ஈரத் துணி வாளியோடு நான் தெருவில் நிற்பேன். ஆம்பூர் தோல் டேனரியில் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நீங்கள் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருப்பீர்கள். நான் தட்டுகிற தட்டலில் எதிர்வீட்டுக்காரர்கள் எழுந்து வருவார்கள், நீங்கள் கடைசியாக வருவீர்கள். இரண்டு பேரும் வெளியே போக வேண்டுமென்றால் பின்வாசல்தான். நல்ல நாளில் பட்டுப்புடவையோடு சாக்கடையைத் தாண்டிப் போயிருக்கிறேன். எவ்வளவு பேஜார்!

நம் மகளுக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோன அன்று, அவள் அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். கதவை உடையுங்கள் என்று அலறினேன். வேலையிலிருந்து அப்போதுதான் வந்த நீங்கள், தோல் நாற்றம் போகாத சட்டையோடு அந்தக் கதவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தீர்கள். மெதுவாகத் தட்டினீர்கள். "பாப்பா, அப்பா இங்கதான் இருக்கேன்." கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் தட்டல். உள்ளேயிருந்து ஒரு முனகல் கேட்டது. "அழு பாப்பா. நான் எங்கயும் போவல." உங்கள் பொறுமையைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் அவளே திறந்தாள்.

இப்போதும் சொல்கிறேன், கைப்பிடி வேதத்தில் இல்லை. பெயிண்டருக்கு இடம் பத்தாமல் போனதை நீங்கள் வேதமாக எடுத்துக்கொண்டீர்கள். ஆனால் வசனத்தைச் சரியாகப் படித்த நான் அன்றைக்குக் கடப்பாரையைத் தேடிக்கொண்டிருந்தேன். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

போன வாரம் குக்கரை அடுப்பில் வைத்துவிட்டுக் கீரைக்காரியைக் கூப்பிட வாசலுக்கு வந்தேன். காற்று கதவைச் சாத்திவிட்டது. பின்வாசலிலும் உள்தாழ். குக்கர் விசில் அடிக்கிறது, நான் தட்டுகிறேன். உங்கள் பெயரைச் சொல்லக் கூடாதென்று, "என்னங்க, என்னங்க" என்று கூப்பிட்டுத் தட்டுகிறேன். கீரைக்காரி என் தோளைப் பிடித்து, "யாரம்மா கூப்புடுற?" என்று கேட்டபோதுதான் கையை எடுத்தேன். எதிர்வீட்டுக்காரர் பின்கதவை உடைத்து அடுப்பை அணைத்தார். அதனால்தான் இந்தக் கைப்பிடி. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் பழக்கம் ஒன்று மட்டும் என்னிடம் ஒட்டிக்கொண்டது. மகள் வீட்டுக்குப் போனால், திறந்து கிடக்கிற கதவைக்கூடத் தட்டிவிட்டு நிற்கிறேன். "உள்ள வாம்மா, இன்னா நீ, அப்பா மாதிரியே" என்று அவள் கத்துகிறாள்.

பாய் வந்துவிட்டார். திருகாணியை முடுக்கிக்கொண்டே மறுபடியும் அதையே கேட்கிறார், இத்தனை வருஷம் எப்படி இருந்தீர்கள் என்று.

"உள்ள ஆள் இருந்தாரு பாய்" என்றேன்.