புள்ளிக்கோட்டுப் பூ

பிப்ரவரி 3, திங்கள்

நம்மிடம் திருடிய பொருளையே ஒருவர் நமக்குப் பரிசாகக் கொடுத்தால் நன்றி சொல்ல வேண்டுமா? எனக்கு விடை தெரியவில்லை. சொல்லிவிட்டு வந்தேன்.

கருத்தரங்குக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க எவர்சில்வர் தண்ணீர் பாட்டில்கள் வந்திருக்கின்றன. சுற்றிலும் சிவப்பும் நீலமுமாகப் பூக்கொடி. திருமலைராயன்பட்டினத்தில் மன்சூர் அலி பாய் வீட்டுப் பெட்டியில் இருக்கும், கையால் பூ எழுதிய பழைய போர்வையின் கொடி. இரண்டு கோடை விடுமுறைகள் அவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்து நான் படியெடுத்தது. பாட்டிலின் அடியில், 'வடிவமைப்பு: முனைவர் தமிழ்ச்செல்வன்'. எங்கள் துறைத் தலைவர்.

"துறைக்குள்ள செஞ்ச வேலைதானே மேடம், யார் பேர் இருந்தா என்ன?" என்றார்.

அப்படியானால் என் பேரே இருக்கட்டுமே — வாயில் வரவில்லை. எப்போது வந்திருக்கிறது?

பிப்ரவரி 5

பாட்டிலைக் கழுவும்போதுதான் கவனித்தேன். போர்வையின் ஒரு மூலையை எலி தின்றுவிட்டது. அங்கே என்ன பூ இருந்திருக்கும் என்று ஊகித்து, ஆறிதழ் வைத்துப் புள்ளிக்கோட்டில் வரைந்திருந்தேன். ஊகம் என்றால் புள்ளிக்கோடு. எங்கள் வேலையில் அதுதான் முறை. அச்சகத்தார் புள்ளிகளைச் சேர்த்து முழுப் பூவாக்கிவிட்டார்கள். துணியை ஒருமுறைகூடப் பார்க்காத துறைத் தலைவருக்கு அது எப்படித் தெரியும்?

பிப்ரவரி 10

"அந்த ஆறிதழ்ப் பூதான் மேடம் கருத்தரங்குல என் கட்டுரையே! பிரெஞ்சுக்காரன் கொண்டாந்த பூ. இதுவரைக்கும் ஒருத்தரும் கவனிக்கல!"

"அருமை சார்" என்றேன்.

பிப்ரவரி 12

நாளை கருத்தரங்கு. மூலப்படியைச் சுருட்டிப் பையில் வைத்தாயிற்று. அவர் பேசி முடிக்கட்டும். கைதட்டல் ஓயட்டும். துணிக்குச் சொந்தக்காரர் என்று மன்சூர் அலி பாயையும் முன்வரிசைக்கு அழைத்திருக்கிறார்கள். சாட்சிக்கு ஆச்சு. இவ்வளவு குரூரம் எனக்குள் எங்கே இருந்தது? இருக்கட்டும். அந்த ஆள் மேடையில் நாக்கு வறண்டு நிக்கணும். நான் பாக்கணும்.

பிப்ரவரி 13

நின்றார்.

படியை விரித்துக் காட்டினேன். "அந்த இடத்துல துணியே இல்ல சார். எலி தின்ன ஓட்டை. அது நான் போட்ட பூ."

அரங்கமே சிரித்தது. "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்?" குரல் உடைந்திருந்தது.

"நீங்க கேக்கவே இல்லையே சார்."

சிரிப்பு அடங்குவதற்குள் மன்சூர் அலி பாய் எழுந்துவிட்டார். போட்ட சால்வையை நாற்காலியிலேயே வைத்துவிட்டு நடந்தார். வாசல் வரை ஓடினேன்.

"பேரப்புள்ளைங்கள எல்லாம் கூட்டியாந்து உக்கார வச்சிருந்தேன் டீச்சரம்மா. எலி தின்ன துணின்னு ஊரே சிரிக்குது."

"பாய், அவரைப் பாத்துதான் சிரிச்சாங்க—"

"ஒங்க சண்டைக்கு எங்க வீட்டுத் துணிதான் கெடச்சுதா? இனிமே அந்தப் பெட்டிய யாருக்கும் தொறக்கறதா இல்ல. ஒங்களுக்குந்தான்."

ஆட்டோ ஏறிப் போய்விட்டார். துணியில் பாதியை நான் இன்னும் படியெடுக்கவில்லை.