லிஃப்ட் கம்பெனிக்குக் குடும்பத்தோடு

மார்ச் 3
கட்டட வாசலில் லிஃப்ட் கம்பெனி நோட்டீஸ். தமிழில்! மெக்கானிக் வேலைக்கு மூன்று வருடப் பயிற்சி, சம்பளம் உண்டு, வயது வரம்பு இல்லை. வெளிநாடுதான், ஆனாலும் இந்தத் தெருவில் பாதி வீடு நம் தமிழ் ஆட்கள். பழுதுபார்க்க வருகிறவர்களில் ஒருவர்கூட நம்மவர் இல்லையே, ஏன்? இத்தனை வருடமாக எனக்கு இது தோன்றவே இல்லை. மக்கு.

மார்ச் 5
வீட்டில் சொன்னேன். மாமியார் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். "மூணு வருஷம் எடுபிடி வேலையா? அதுக்கா உன்னைக் கட்டிட்டு வந்தோம்?" என் வீட்டுக்காரர் பாட்டுக்குக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆத்திரமா வருது. இன்னும் எத்தனை நாள்தான் ஆபீஸ் தரையைத் துடைக்கிறது?

விண்ணப்பித்துவிட்டேன். நடப்பது நடக்கட்டும்.

மார்ச் 19
நேர்காணலுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மாமியார் இடத்தைப் பார்க்காமல் சரி சொல்லமாட்டாராம்.

மார்ச் 23
மானம் போச்சு!

வீட்டுப் பெண்ணை எங்கே அனுப்பினாலும் முதலில் குடும்பமே போய் இடத்தைப் பார்க்கும், அது நம் பழக்கம். அதற்காக நேர்காணலுக்குமா? மாமியார், மாமனார், வீட்டுக்காரர், நாத்தனார், அவள் கைக்குழந்தை - வரவேற்பறை நிறைந்துவிட்டது. "சம்பந்தம் பேச வந்த மாதிரி இருக்குல்ல?" என்று வீட்டுக்காரர் என் காதில் கிசுகிசுத்தார். கொன்றுவிடலாம் போலிருந்தது.

பயிற்சி மேற்பார்வையாளர் ஒரு பெண். எங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இவர்களில் யாருக்கு இதில் விருப்பமில்லை என்று மட்டும் கேட்டார். நான் மாமியாரைப் பார்த்தேன். அப்படியானால் எல்லோரும் உள்ளே வாருங்கள் என்றார்.

பயிற்சிக்கூடத்தில் நாலு மாடி உயரத்துக்கு ஒரு லிஃப்ட், சுற்றிலும் கண்ணாடி. பெட்டி மேலே போகப் போக, பின்னால் ஒரு பெரிய இரும்புப் பாரம் கீழே இறங்கியது. அம்மாடி! தினமும் ஏறி இறங்குகிற பெட்டிக்குப் பின்னால் இத்தனை நடக்கிறதா? பயிற்சியில் இருந்த ஒருத்தி, பெட்டியை இயக்கிக்கொண்டிருந்த கைப்பிடியை விட்டாள்; அவ்வளவும் அந்தரத்தில் அப்படியே நின்றது. எனக்குப் புல்லரித்துவிட்டது.

மாமியார் அண்ணாந்து வாய் பிளந்து நின்றார். "ஏம்மா, ஜனங்க உசிரே இதுலதானே தொங்குது. இதையா படிக்கப்போறே?"

"ஆமா அத்தே."

"எடுபிடி வேலைன்னு எவ சொன்னா?"

எவ சொன்னாளாம்!

மார்ச் 27
இடம் கிடைத்துவிட்டது! அழுகையும் சிரிப்புமாக வருகிறது. இனி கம்பெனிக்காரர்கள் நேர்காணலுக்கு முன்பே வீட்டாரை அழைத்து இடத்தைக் காட்டப்போகிறார்களாம். நம்மவர்கள் விண்ணப்பித்துவிட்டு நேர்காணலுக்கு வராமலே போவது ஏன் என்று இத்தனை நாள் அவர்களுக்குப் புரியவில்லையாம்.

அக்டோபர் 14
இன்று நடந்ததை உடனே எழுதிவிட வேண்டும்.

மூத்த மெக்கானிக்கோடு ஒரு கட்டடத்துக்குப் போனேன். இரண்டு மாடிக்கு நடுவில் பெட்டி நின்றுபோயிருந்தது. உள்ளே ஒருவர் கதவை உதைத்துக் கத்திக்கொண்டிருந்தார். ஆள் பயங்கரக் கோபத்தில் இருக்கிறார், நம்மைத்தான் திட்டுகிறார் என்றார் மெக்கானிக். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரியுமே! "மூச்சு முட்டுதே, யாராச்சும் இருக்கீங்களா" என்று அந்த மனிதர் அழுதுகொண்டிருந்தார்.

கதவிடுக்கில் வாய் வைத்தேன். "ஐயா, நாங்க வந்துட்டோம். பயப்படாதீங்க. உள்ள காத்து வருது, மெதுவா மூச்சு விடுங்க."

உதைக்கும் சத்தம் நின்றது.

"யாரும்மா அது... நம்ம பொண்ணா?"

"ஆமாங்கய்யா. லிஃப்ட் மெக்கானிக். கதவை விட்டுத் தள்ளி உக்காருங்க, திறக்கப்போறோம்."