குட்டைத் தண்ணீரும் செல்லக்கிளியின் ராசியும்

ஸ்ரீரங்கம் மேலூர்,
23-11-1964

மகன் சின்னையனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாடு கன்றும் சுகமாக இருக்கிறோம். உன் அம்மாவும் சுகம்தான், வேளைக்குச் சோறு போடுகிறாள், ஆனால் ஐப்பசி பிறந்ததிலிருந்து என்னோடு பேசுவதில்லை, அதனால் வீடு அமைதியாக இருக்கிறது. கொள்ளிடத்துக் காற்றில் வாழை பாதி சாய்ந்துவிட்டது, மீதி தார் தள்ளியிருக்கிறது. பம்பாயில் கண்ட இடத்தில் சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் கடிதம் வந்தது. மாமன் தங்கையன் குட்டையில் மீன்குஞ்சு செத்ததற்கும் அவர் மகள் செல்லக்கிளியின் ராசிக்கும் என்ன சம்பந்தம், படித்தவன் நான் இதை ஒப்ப மாட்டேன், பரிசம் போட்டது போட்டதுதான், தை மாதம் வந்து அவளையே கட்டுவேன் என்று பெரிய மனிதன் போல எழுதியிருக்கிறாய். குட்டைத் தண்ணீரைச் சீசாவில் அடைத்து அனுப்புங்கள், எங்கள் சோப்புக் கம்பெனி லேபில் சோதித்து உண்மையைக் கண்டுபிடிக்கிறேன் என்றும் எழுதியிருக்கிறாய். தண்ணீரை எதற்கு ரயிலில் ஏற்ற வேண்டும், நானே சொல்லிவிடுகிறேன். ராசி காரணம் இல்லை. நீ நினைத்தது சரி.

போன பொங்கலுக்கு வந்தபோது மாமன் வீட்டு வாசலில் அத்தனை பேர் முன்னால் நீ காட்டிய வித்தை ஞாபகம் இருக்கிறதா. கண்ணாடித் தம்ளரில் குட்டைத் தண்ணீரை மொண்டு வெயிலில் தூக்கிப் பிடித்து, கடுகில் பாதி கூட இல்லாத பூச்சிகள் துள்ளுவதைச் செல்லக்கிளிக்குக் காட்டினாய். பிறகு உன் கம்பெனி சோப்புத்தூளை ஒரு சிட்டிகை கரைத்து விட்டாய். சாயங்காலத்துக்குள் ஒன்று விடாமல் அடியில் போய்ப் படுத்துவிட்டன. தூள் எவ்வளவு கடுமை என்று லேபில் இப்படிப் பூச்சியை விட்டுத்தான் பார்ப்போம் என்று பெருமையடித்தாய். அந்தப் பெண், பாவம் அத்தான், அதுங்க என்ன பண்ணிச்சு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மாமனும் சும்மா இருக்கவில்லை. மாப்பிள்ளே, இந்தப் பூச்சியைத் தின்னுதான் என் குஞ்செல்லாம் வளருது, இது இல்லாட்டி ஒரு வாரத்துல காஞ்சு போயிடும் என்றார். இரண்டு பேரும் சேர்ந்து பாடம் நடத்தினீர்கள், நான் வெற்றிலையை மென்றுகொண்டு கேட்டுக்கொண்டேன்.

செல்லக்கிளி பிறந்த அன்றே தம்பி மகள்தான் மருமகள் என்று உன் அம்மா வாக்குக் கொடுத்துவிட்டாள். அதை நான் முறித்தால் ஊர் என் முகத்தில் காறித் துப்பும். மலைக்கோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் வீரமலையோ ஒற்றைப் பெண்ணை வைத்துக்கொண்டு உன்னையே கேட்டுக்கொண்டிருக்கிறார். ஆகவே வாக்கு தானாக முறிய வேண்டியிருந்தது. ஆவணியில் பரிசம் போட்டோம். ஆற்று வெள்ளத்தில் பிடித்த குஞ்சுகளை மாமன் அப்போதுதான் அந்தச் சின்னக் குட்டையில் விட்டிருந்தார். அவர் கோயிலுக்குப் போன ஒரு மத்தியானம், நீ அம்மாவுக்கு அனுப்பிய சோப்புத்தூள் பாக்கெட்டுகளைக் குடத்தில் கரைத்து, குட்டைக்குப் பாயும் வாய்க்காலில் நுரை தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். தண்ணீர் நிறம் மாறவில்லை, நாற்றமும் இல்லை. மாமன் கையில் அள்ளிக் குடித்தே பார்த்தார். குஞ்சுகள் முதலில் நன்றாகத்தான் நீந்தின, அப்புறம் தலை மட்டும் பெருத்து உடம்பு ஊசியாகி மிதக்க ஆரம்பித்தன. பூச்சியெல்லாம் எங்கே போச்சு என்று அந்த மனிதர் குட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தார். அக்காள் புருஷனைச் சந்தேகப்படுகிற புத்தி அவருக்குக் கிடையாது. துவைக்க வெச்சிருந்த தூள் எங்கே என்று உன் அம்மா ஒரே ஒரு தடவை கேட்டாள், அதற்குப் பிறகுதான் பேச்சை நிறுத்தினாள்.

நான் யாரையும் குறை சொல்லவில்லை. நாலு பேர் இருந்த இடத்தில், பரிசம் போட்ட வேளையோ என்னவோ, இப்படி ஆயிடுச்சு என்று பெருமூச்சு விட்டேன், அவ்வளவுதான். மற்றதை ஊரே சொல்லிக்கொண்டது. படித்துறையில் அவளைக் கண்டால் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். கடைசியில் மாமனே தலையைக் குனிந்துகொண்டு வந்து பரிசச் சேலையைத் திருப்பித் தந்தார், நானும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

உனக்குக் கோபம் வரும், வரட்டும். ஊரைக் கூட்டிச் சொல்லலாம் என்று மட்டும் நினைக்காதே. தூள் உன்னுடையது, வித்தையும் உன்னுடையது, அதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். ஜவுளிக்கடைப் பெண்ணுக்கு ஆசைப்பட்டு மகன்தான் அப்பனுக்குச் சொல்லிக் கொடுத்தான் என்பார்கள். நான் கைநாட்டுக்குக் கொஞ்சம் மேல், எனக்குப் பூச்சியைப் பற்றி என்ன தெரியும்.

அவசரப்பட்டு ரயில் ஏறவும் வேண்டாம். போன வெள்ளிக்கிழமை செல்லக்கிளிக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை தொட்டியத்தில் வாழைத்தோட்டம் வைத்திருக்கும் மூக்கன், மூத்த தாரம் செத்தவர், என்னைவிடக் கொஞ்சம் இளையவர். ராசி கெட்டவள் என்று பெயர் வாங்கிய பெண்ணை வேறு யார் கேட்பார்கள், நான்தான் முன்னின்று பேசி முடித்தேன். புறப்படும்போது என் காலில் விழுந்து எழுந்தவள் உனக்கு ஒரு சேதி சொல்லச் சொன்னாள். அத்தான் லெட்டர் மேல லெட்டர் போட்டாங்க மாமா, நான்தான் பதில் போடலை, என் ராசி அத்தானையும் கொண்டுபோயிடக் கூடாதுன்னுதான் இதுக்குச் சம்மதிச்சேன், அவங்க நல்லா இருக்கணும் என்றாள். நல்ல பெண், எனக்கே கண் கலங்கிவிட்டது. அவள் ஆசைப்பட்டபடி நீ நல்லா இரு.

வீரமலை வீட்டில் தையில் நாள் குறித்திருக்கிறோம், லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடு. ரங்கநாதர் உனக்குத் தீர்க்காயுளும் பிள்ளைச் செல்வமும் தரட்டும். வரும்போது அந்தச் சோப்புத்தூள் கொஞ்சம் தாராளமாக வாங்கி வா, சம்பந்தி வீட்டில் கேட்கிறார்கள், நம் வீட்டில் தீர்ந்துவிட்டது.

உன் நன்மை ஒன்றையே நினைக்கும்
அப்பா பிச்சமுத்து