பேஜாரு எங்கிருந்து வந்தது

1974 நவம்பர் 5, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். ஏரிக்காற்று வேறு. துணி எதுவும் காயவில்லை. சமையலறைக்குள்ளேயே கொடி கட்டினேன்.

ஆஸ்பத்திரி. டாக்டர் அவரை எடை பார்க்க அனுப்பிவிட்டு என்னை மட்டும் உட்காரச் சொன்னார். ஈரலில் கட்டி. பரவிவிட்டது. அறுவைக்கு வழியில்லை. "சாருக்குத் தெரிய வேணாம்மா. மனசு விட்டுட்டா சீக்கிரம் போயிடுவாங்க." தலையாட்டினேன். எல்லா வீட்டிலும் இப்படித்தான். அப்பாவுக்கும் கடைசிவரை வாயு என்றே சொல்லி வைத்திருந்தோம்.

"இன்னாவாம்?" என்றார் வெளியே வந்ததும்.

"காமாலைதாங்க. கொஞ்ச நாளாகுமாம்."

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் யாரையோ விரட்டினார். "பேஜார் பண்ணாத அண்ணாத்த, உள்ள போ!" பக்கத்தில் இருந்த இவர் என் முழங்கையை இடித்தார். "கேட்டியா? பேய் சார்ந்த நெலம. பேய்சார். அதான் பேஜாரு. சுத்தத் தமிழ்."

"உருது" என்றேன். பழக்கம்.

கல்யாணமான புதிதில் தொடங்கிய சண்டை. பதிவாளர் அலுவலகத்தில் பத்திரங்களோடே காலம் தள்ளுகிறவர் அவர். எந்தச் சொல்லுக்கும் தாய்ப்பத்திரம் தமிழில்தான் இருக்கும் என்பார். நான் வரலாறு படித்தவள். சொற்கள் கப்பலிலும் குதிரைப் படையோடும் வந்தவை என்பேன். அவர் ஒருமுறைகூட இறங்கி வந்ததில்லை. நானும்தான்.

வாங்க: குளுக்கோஸ், நொய், மண்ணெண்ணெய், இன்னொரு கொடிக்கயிறு.

நவ. 6, புதன்

மழை. எதிர் ஜவுளிக்கடை காதர் பாய் அவரைப் பார்க்க வந்தார், சாத்துக்குடியோடு. வந்தவரைச் சாட்சிக்கூண்டில் ஏற்றிவிட்டார் இவர். "பாய், நீங்களே சொல்லுங்க. பேஜாரு உருதுவா?"

"என்ன எதுக்கு சார் இதுக்குள்ள இஸ்க்கிறீங்க? தொப்பி போட்டவன்லாம் உருதுவா? எங்க வூட்ல பாட்டன் காலத்துலர்ந்து தமிழுதான். ஆம்பூர் சம்மந்தி வந்து உருதுல ஆரம்பிச்சா நானே முழிச்சிகினு குந்தியிருப்பேன்."

"பாத்தியா, சாட்சி இல்ல" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். ராத்திரிக் கஞ்சி முழுவதும் இறங்கியது. சண்டை போட்ட நாட்களில் சாப்பிடுகிறார். இதை ஏன் முன்பே கவனிக்கவில்லை.

கொல்லைக் கதவு ஊறிவிட்டது, சாத்த முடியவில்லை.

நவ. 9, சனி

வெயில், மங்கலாக. மாமல்லபுரம் போயே ஆக வேண்டும் என்றார். கடற்கரைக் குப்பத்தில் வயதானவர்களைக் கேட்டால் தெரிந்துவிடுமாம். சொன்னாலும் கேட்கமாட்டார். பஸ்ஸில் இடம் கிடைத்தது, நல்லவேளை.

எங்கள் தெருவுக்கு முன்பு மீன் கொண்டுவந்த செங்கேணி கரையில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். "இன்னா சார், பாதி ஆளா கீறே! யம்மா, சோறு கீறு போடறியா இல்லியா?"

அவர் நேராக விஷயத்துக்குப் போனார். பேஜாரு என்கிறீர்களே, அது எங்கேயிருந்து வந்தது?

"அது இன்னா பஸ்ஸு புட்சா வந்துது? வலைல மீனு இல்லன்னா தானா வருது."

விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்று, வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தார். செங்கேணி என்னைப் பார்த்தாள். தண்ணீர் கொண்டுவரப் போனாள்.

அலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அடுத்த வருஷம் ராமநாதபுரம் பக்கம் போவணும். அங்க உருது எட்டாத பட்டிக்காட்டுலயும் இந்தச் சொல்லு இருந்துச்சின்னு வையி, நீ தோத்த."

அடுத்த வருஷம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"எதுக்குங்க அவ்ளோ தூரம்? எனக்கே இப்ப தோணுது. நீங்க சொல்றதுதான் சரி. பேய்சார்தான். தமிழ்தான்."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தில் ஒன்றுமே இல்லை. கருவாட்டின் மேல் காக்கை வந்து உட்கார்ந்தது, இருவரும் விரட்டவில்லை.

"டாக்டர் எவ்ளோ நாள்னு சொன்னாரு?"

நவ. 10, ஞாயிறு

மறுபடி மழை. அரை இட்லி. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். கால் பிடித்துவிட்டேன், இழுத்துக்கொள்ளவில்லை. பாயிடம் சொல்ல வேண்டும். அலுவலகத்துக்கும்.

மத்தியானம் தூங்குகிறார் என்று எழுந்தேன்.

"டப்பு எங்கேர்ந்து வந்துது?" என்றார், திரும்பாமலே.

"தெலுங்கு." மெதுவாகத்தான் சொன்னேன்.

"சத்தமா சொல்லு."