எம்மாவுத் திங்களில் காணாமல் போனவளுக்கு

அம்மா,

வீட்டுக்குப் பின்னால் பெரிய குண்டானைச் சாய்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன். நேற்று கோமுகி அணைக்குச் சோறு கொண்டுபோன குண்டான். தண்ணீர் ஊற்றி வைத்தும் அடிப்பிடித்தது விடவில்லை. தேங்காய் நாரால் சுரண்டச் சுரண்ட, தீய்ந்த சோறும் கறிமசாலாவும் விறகுப் புகையும் கலந்த ஒரு வாடை மேலே வந்தது. ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமைகளில் உன் முந்தானையில் முகம் துடைத்தால் இந்த வாடைதான் வரும். கை அப்படியே நின்றுவிட்டது.

குண்டானுக்குள் தலையை விட்டுத் தேய்க்கும்போது வெளியே பேசுகிறவர்களின் குரல் எங்கோ தூரத்தில் கேட்கிறது. நீ இதற்குள்தான் இத்தனை வருடமும் இருந்தாயா என்று நினைத்துக்கொண்டேன்.

எம்மாவு என்றால் என்னோடு கல்லூரியில் படித்த பிள்ளைகளுக்குத் தெரியாது. விளக்கிச் சொல்வேன். உயிர்த்த ஆண்டவர், எம்மாவு என்ற ஊருக்குத் துக்கத்தோடு நடந்துபோன இரண்டு சீடர்களோடு வழிப்போக்கரைப் போலக் கூடவே நடந்தார். பொழுது சாய்ந்து சாப்பிட உட்கார்ந்தபோது அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார். அப்போதுதான் அவர் யாரென்று அவர்களுக்குத் தெரிந்தது. தெரிந்த அந்த நேரமே மறைந்துபோனார். அந்த நடையின் நினைவாக ஈஸ்டருக்கு மறுநாள் குடும்பத்தோடு சோறு கட்டிக்கொண்டு வெளியே போய்ச் சாப்பிடுவோம், அதற்கு எம்மாவு போவது என்று பெயர், என்பேன். 'அட, பிக்னிக்கா?' என்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அதற்கு மேல் பேச எனக்கு வராது.

வருடம் முழுக்கக் கரும்பு ஏற்றும் சித்தப்பாவின் டிராக்டர் அன்று மட்டும் நம்மை ஏற்றும். பெட்டியில் வைக்கோலைப் பரப்பி, மேலே பாயைப் போட்டு, நாமும் சித்தப்பா வீட்டாரும் ஏறிக்கொள்வோம். கச்சிராயபாளையம் வரைக்கும் கோயில் பாட்டு. தாண்டியதும் அப்பா சினிமாப் பாட்டுக்கு மாறிவிடுவார்.

"யோவ், நேத்துதான் ஆண்டவரு உயிர்த்தாரு. அதுக்குள்ளயா?" என்று நீ கத்துவாய்.

"அந்த சந்தோசத்துலதான் பாடறேன்" என்பார் அப்பா.

மலை நீலமாக எழும்பி வரும். தம்பி டிராக்டர் பெட்டியின் இரும்பில் தாளம் போடுவான். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவசு காலம் முழுக்கக் கறி தின்னாத நாக்கு எல்லோருக்கும். அணைக்குக் கீழே மரநிழலில் நீ குண்டானைத் திறந்ததும் சுற்றி உட்கார்ந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்துவார்கள். அவ்வளவு சந்தோஷத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதில் பொய்யில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்தில் நீ எங்கே உட்கார்ந்திருந்தாய் என்று யோசித்தால், கரண்டியோடு நிற்கும் ஒரு புடவை மட்டும்தான் ஞாபகம் வருகிறது. "பேதுரு மறுதலிக்கறதுக்கு முன்னாடி நான் அடுப்ப மூட்டணும்" என்று, சேவல் கூவுமுன் ஆண்டவரைத் தெரியாதென்று சொன்ன சீடரையும் வம்புக்கு இழுத்து, அந்தச் சேவலுக்கும் முன்னால் எழுந்தவள் நீ.

தினம் நடந்த செபமாலையும் அப்படித்தான். மூன்றாவது பத்து மணியிலேயே அப்பா சுவரில் சாய்ந்து குறட்டைக்குப் போய்விடுவார். அண்ணனும் தம்பியும் அவர் மூக்கில் வைக்கோலை விடப் பார்ப்பார்கள். நீ அடுப்புக்கு முன்னால் முட்டி போட்டபடி, "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக... டேய், பூனைய வெரட்டு... இப்பொழுதும்... யோவ், எழுந்திரு, மாதா பாத்துக்கினு இருக்கு..." என்று சொல்லிக்கொண்டே போவாய். நாங்கள் சிரிப்பை அடக்க முடியாமல் சிலுவை போடுவோம். மாதாவும் நம்மோடு உட்கார்ந்து சிரிப்பதாகவே எனக்குத் தோன்றும். நீ மட்டும் ஒருநாளும் அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செபம் சொன்னதில்லை.

என்னை நீ அடுப்பங்கரைக்குள் விடவில்லை. "போ, போயி கணக்கப் போடு" என்று விரட்டுவாய். ஒருமுறை, சுற்றிலும் பார்த்துவிட்டு என் காதருகில் சொன்னாய்: "சமைக்கத் தெரியுமான்னு யாரு கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு. தெரியும்னா கரண்டிய கையில குடுத்துட்டு பூடுவாங்க."

நான் பேசாத பெண். பேசாதவர்களுக்குப் பார்ப்பதுதான் வேலை. வாசற்படியில் புத்தகத்தை விரித்துக்கொண்டு, எந்தக் கொதியில் உப்புப் போடுகிறாய், எப்போது விறகை இழுக்கிறாய், மல்லித்தூள் போடுமுன் ஏன் ஒருகணம் மூச்சை நிறுத்துகிறாய் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பார்த்ததெல்லாம் கைக்குள் போய்ச் சேர்ந்துவிடும் என்று உனக்கும் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

நான் பிளஸ் டூ எழுதி முடித்திருந்த வருடத்து எம்மாவைத்தான் இப்போது அடிக்கடி நினைக்கிறேன். எல்லோரும் சாப்பிட்டு முடித்து, பாயில் சாய்ந்திருந்தார்கள். அண்ணன் தண்ணீர் கேட்டான். பதில் வரவில்லை. "எம்மா!" என்று மறுபடியும் கூப்பிட்டான். அப்போதுதான் நீ இல்லை என்று தெரிந்தது. முதலில் எல்லோருக்கும் எரிச்சல். பிறகு சித்தி, "தண்ணிப் பக்கம் போனாளா?" என்றாள். அவ்வளவுதான். அப்பா செருப்பை உதறிவிட்டு அணைத்தண்ணீரை நோக்கி ஓடினார். பெயரைச் சொல்லிக் கூப்பிடும் குரல்கள் நாலா பக்கமும் போயின.

நான் யாரும் போகாத பக்கம் போனேன். வாய்க்கால் திரும்பும் இடத்தில், நாணலுக்குப் பின்னால், முழங்கால் வரை புடவையைத் தூக்கிச் செருகி, கால்களைத் தண்ணீரில் விட்டு உட்கார்ந்திருந்தாய். கையில் ஒரு நல்லி எலும்பு. வருடா வருடம் அது அண்ணனுக்கோ அப்பாவுக்கோதான் போகும். கண்ணை மூடி அதை உறிஞ்சிக்கொண்டிருந்தாய்.

"எம்மா, எல்லாரும் ஒன்ன தேடிக்கினு இருக்காங்க."

"தெரியும். காதுல வுழுது."

"அப்பா தண்ணில எறங்கிட்டாரு."

"எறங்கட்டும். நீச்சல் தெரிஞ்ச ஆளுதான். அப்பிடியே குளிச்சா மாதிரியும் ஆச்சி."

"கொரல் குடுக்கட்டுமா?"

"சும்மா குந்து."

உட்கார்ந்தேன். எலும்பைப் பார்த்தேன் போலிருக்கிறது. "பாக்காத. ஒனக்குத் தர மாட்டேன். நீ அங்க தின்னுட்ட" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதையும் பிள்ளைகளுக்கு எடுத்து வைக்காத உன்னை நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

கொஞ்ச நேரம் கழித்து நீயாகவே சொன்னாய்: "அவரு இன்னா பண்ணாரு? அப்பத்தப் பிட்டுக் குடுத்தாரு, காணாமப் பூட்டாரு. ஏன்யா பூட்டன்னு யாராச்சும் கேட்டாங்களா? நானும் சோத்தப் போட்டுட்டேன். பூட்டேன்."

"அவரு சாமிம்மா."

"சாமியாலயே இருக்க முடியல, பாத்துக்க. நின்னிருந்தா பாத்திரத்தயும் அவரு கையிலயே குடுத்திருப்பாங்க."

இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். வாய்க்கால் தண்ணீர் உன் கணுக்காலில் பிரிந்து பிரிந்து போனது. காலில் கரும்புச் சோகை கிழித்த கோடுகள் அன்று ஏனோ அழகாகத் தெரிந்தன. அதற்குள் அப்பாவின் குரல் மாறியது. முதலில் கோபமாக வந்தது, பிறகு பயமாக, பிறகு உடைந்து, சிறு பிள்ளை கூப்பிடுவது போல வந்தது. உன் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "அழுவுது மனுசன்" என்றாய். எலும்பைத் தண்ணீரில் எறிந்தாய், புடவையை இறக்கிவிட்டாய், எழுந்து நடந்தாய். யாரும் இழுத்துப் போகவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை பயமாக இருக்கிறது.

தூங்கிப்போய்விட்டதாகச் சொன்னாய். அப்பா சொட்டச் சொட்ட நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். உன்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கொஞ்சம் டீ போடறியா?" என்றார். நீ மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினாய். அதற்குப் பிறகு ஒவ்வொரு எம்மாவிலும் 'எங்கம்மா தூங்கின கதை' என்று அண்ணன் சொல்லுவான், எல்லோரும் சிரிப்பார்கள். நீயும் சிரிப்பாய், என்னைப் பார்க்காமல்.

போன மழைக்காலத்துக் காய்ச்சலில் நீ போய்விட்டாய். முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்தவர்களுக்குச் சோறு போட வேண்டும். சித்திக்குக் கையில் அடிபட்டிருந்தது. யாராவது அடுப்பைப் பார்க்க வேண்டுமே என்று நான் எழுந்து போனேன். தெரியாது என்று சொல்லும்படி நீ சொல்லியிருந்தாய். அன்றைக்கு என்னை யாரும் கேட்கவே இல்லையே அம்மா. முதல் கவளத்தை வாயில் வைத்த அப்பா நிமிர்ந்தார். கண் கலங்கிவிட்டது. "அப்பிடியே உங்கம்மா கை" என்றார். அண்ணன் இன்னொரு முறை சோறு வாங்கினான். அவர்கள் ஆறுதல் அடைந்ததைப் பார்த்து நானும் ஆறுதல் அடைந்தேன். வெளியே இருந்து யாரோ தாழ்ப்பாள் போட்ட சத்தம் எனக்கு அன்று கேட்கவில்லை.

இந்த வீட்டின் முதல் பட்டதாரி நான். அப்பா வந்தவர்களிடமெல்லாம் சொல்கிறார், "எம் பொண்ணு பி.எஸ்சி. கணக்கு. ஆனா சமையல் பாத்தீங்கன்னா..." என்று. அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வரும் பாராட்டு ஒவ்வொன்றும் என்னைச் சுவர்ப்பக்கமாக ஓரடி தள்ளுகிறது. யாரும் கொடுமை செய்யவில்லை. கொடுமை செய்தால் அழுதுவிடலாம். பாசமாக இருக்கிறார்கள்.

தவசு காலத்தில் ஒருநாள், தோழியைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு மலைக்குப் போனேன். வெள்ளிமலைக்கு அந்தப்பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் கணக்கு டீச்சர் வேண்டுமென்றார்கள். பஸ் வளைவு வளைவாக ஏறியபோது கீழே நம் அணை சின்னதாகத் தெரிந்தது. வகுப்பில் என்னை ஒரு கணக்குப் போட்டுக் காட்டச் சொன்னார்கள். போட்டேன். திரும்பியபோது, எல்லாப் பிள்ளைகளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். என்னால் பேச முடிந்தது, அம்மா. பள்ளி திறக்கும்போது வந்துவிடுங்கள், இங்கேயே தங்க வேண்டும் என்றார்கள். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று இறங்கி வந்தவள், யாரிடமும் சொல்லாமல் ஈஸ்டர் வரை வந்துவிட்டேன்.

நேற்று எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, வாய்க்கால் திரும்பும் இடத்துக்குப் போனேன். இந்த வருடம் அதில் தண்ணீர் இல்லை. கூழாங்கல்லின் மேல் உட்கார்ந்தேன்.

"பாப்பா, சொம்பு எங்க வச்ச?" என்று அண்ணன் கூப்பிட்டான். 'தோ வரேன்' என்று வாய் தானாகத் திறந்தது. கையால் மூடிக்கொண்டேன். "யக்கா!" இது தம்பி. பிறகு அப்பா. அவர் குரல் படிப்படியாக ஏறியது. அந்தப் படிகள் எனக்குத் தெரியும். உடையும் படி வருமுன் எழுந்து நடந்தேன். உன்னளவு நேரம்கூட என்னால் இருக்க முடியவில்லை. ஆனால் தூங்கிவிட்டதாகச் சொல்லவில்லை.

"ஸ்கூல் தொறந்ததும் நான் மலைக்குப் போறேன். அங்க டீச்சர் வேல. தங்கிக்கணும்" என்றேன். நின்றபடியே, எல்லோர் முன்னாலும்.

யாரும் சாப்பாட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. தம்பி அண்ணனைப் பார்த்தான். அண்ணன், "அங்க இன்னா குடுத்துடப் போறாங்க?" என்று இழுத்தான். அப்பாதான் கேட்டார். கோபமில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

"அப்ப சோறு?"

சித்தி அவசரமாக, "மொதல்ல நீ குந்தி சாப்புடு பாப்பா, அப்பறம் பேசிக்கலாம்" என்றாள். திரும்பும்போது டிராக்டரில் யாரும் பாடவில்லை.

இன்று நான் குண்டானைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அப்பா வந்து பக்கத்தில் நின்றார். குண்டானுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, "மலையில குளுரு ஜாஸ்தியா இருக்குமா?" என்றார்.

"இருக்கும்ப்பா."

தலையை ஆட்டினார். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பினார். "மத்தியானத்துக்கு இன்னா கொழம்பு?"

நான் பதில் சொல்லவில்லை, அம்மா. தெரியாததால் இல்லை. காலையிலேயே புளியை ஊறப்போட்டு, கத்தரிக்காயும் அரிந்து வைத்துவிட்டேன். அவர் நின்றார். நான் நாரை அழுத்திச் சுரண்டிக்கொண்டே இருந்தேன். நாணலுக்குப் பின்னால் குரல்களைக் கேட்டுக்கொண்டே எலும்பை உறிஞ்சினாயே, அந்த உன் மௌனத்தை அவ்வளவு நேரம் வாய்க்குள் வைத்திருந்தேன். என்னிடம் உன்னுடையதாக வேறெதுவும் இருக்கிறதோ இல்லையோ, அது இருக்கிறது.

கடைசியில் அவரே அடுப்பங்கரைக்குள் போய், எதையோ திறந்து பார்த்து, மறுபடியும் மூடினார்.