டாட் பிடித்த வெள்ளைச் சட்டை

இல்லை அப்பா, யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுக்கவும் முடியாது. எந்த ஆணுக்கும் அது பொருந்தாது.

இன்று அலமாரியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை. உங்கள் வெள்ளைச் சட்டை. ரவிக்கைக்குப் பிடிப்பதுபோல் நெஞ்சின் இரு பக்கமும் துணியை மடித்து டாட் பிடித்திருந்தீர்கள். காஜா பெராங் வட்டாரத்துப் பெண்கள் அந்தத் தையலுக்காகவே உங்கள் கடைக்கு வருவார்கள். உங்களுக்கே தைத்துக்கொள்ள வேண்டிவரும் என்று யார் நினைத்தது?

சுதந்திரம் வந்த மெர்டேக்கா நாளுக்காகக் கடையில் கொடி தைத்துக்கொண்டிருந்த மாதம். உங்களுக்குச் சிறுநீர் அடைத்து ஆபரேஷன் முடிந்திருந்தது. வெட்டி எடுத்த புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். அடுத்து என்ன செய்வது என்று பேச வெள்ளைக்கார டாக்டர் கூப்பிட்டார். மொழிபெயர்க்க, காயம் கட்டும் டிரெஸ்ஸர் ஒருவர் இருந்தார். நீங்கள் மறுத்துவிட்டீர்கள்.

"அவன் நம்ம தெரு. சாயங்காலத்துக்குள்ள சேதி தெங்கேரா வரைக்கும் போயிரும். நீதான் இங்கிலீஸ் படிக்கிறியே, நீயே சொல்லும்மா."

நான் படித்த ஆங்கிலத்தில் நாடகங்கள் இருந்தன. அப்பாவின் விதைப்பை இல்லை.

டாக்டர் சொன்னது இதுதான். ஆண் ஹார்மோன் சுரப்புதான் இந்த நோய்க்குத் தீனி. அதை நிறுத்த விதைகளை எடுத்துவிடலாம். அல்லது பெண் சுரப்பு மாத்திரை, தினமும், ஆயுள் முழுக்க. அல்லது வலி வரும்வரை சும்மா இருக்கலாம். எதுவும் குணமாக்காது. நாள் கொடுக்கும், அவ்வளவுதான்.

தரையைப் பார்த்துக்கொண்டே உங்களிடம் சொன்னேன்.

"ஆபரேஷன்ல எதை எடுப்பாரு?"

"அதையெல்லாம்."

"மாத்திரை," என்றீர்கள், உடனே.

ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டேன். மாத்திரை சாப்பிட்டால் மார்பு வளரும் என்பதை. வாய் வரவில்லை. தெரியாமலே அப்பாவை முடிவெடுக்க வைத்துவிட்டேன் என்ற நினைப்போடு சிங்கப்பூர்க் கல்லூரிக்குத் திரும்பினேன். பாடம் ஏறவில்லை.

விடுமுறைக்கு வந்தபோது வீட்டில் ஒரே மின்சாரக் காத்தாடிக்கு இரண்டு பேர் சண்டை. அம்மாவுக்கு மாதவிடாய் நிற்கும் வயது. திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கும். இப்போது மாத்திரையால் உங்களுக்கும்.

"இத்தன வருஷமா நீ சொல்லிக்கிட்டிருந்தது இதுதானா?" என்று அம்மாவிடம் கேட்டீர்கள்.

"இப்பவாச்சும் தெரிஞ்சுதே. தள்ளி உக்காருங்க, எனக்கும் காத்து வரட்டும்."

அப்போதுதான் உங்கள் சட்டையில் டாட் பிடித்திருப்பதைக் கவனித்தேன். அழுகை வந்தது. விட்ட வாக்கியத்தைச் சொன்னேன்.

வாயிலிருந்த குண்டூசியை எடுத்துவிட்டுப் பேசினீர்கள்.

"அதான் டாக்டரு நெஞ்சுக்கு முன்னால கைய வச்சுக் காட்டினாரேம்மா. நீதான் தரையப் பாத்துக்கிட்டிருந்த. முப்பத்தெட்டுன்னு காட்டினாரு. நாப்பதுல நிக்குது. அந்தாளுக்கு அளவு தெரியல."

"தெரிஞ்சுதானா மாத்திரைன்னு சொன்னீங்க?"

"சட்டையப் பிரிச்சுத் தச்சுக்கலாம். அவரு எடுத்துட்டா அத யாரு தைக்கிறது?"

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"நீயே கூச்சத்துல நெளிஞ்ச. நான் வேற அதப் பேசணுமா?"

மாத்திரை நான்கு வருடம் கொடுத்தது. பிறகு வலி முதுகெலும்புக்கு வந்தது.

செமாபோக்கிலிருந்து ஒரு அக்கா இன்று துணைக்குக் கூப்பிட்டிருந்தார். ஆஸ்பத்திரியில் தன் கணவருக்காக டாக்டரிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டுமாம். உங்கள் சட்டையைப் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் தொளதொளப்பு. டாட் சரியான இடத்தில் இருந்தது. கையை மடித்துவிட்டுக்கொண்டு கிளம்பினேன். டாக்டர் பேசும்போது தரையைப் பார்க்கவில்லை. எல்லா வாக்கியத்தையும் சொன்னேன்.